பதிமூன்று கொடுத்த கால்

எங்கள் வட்டாரச் சரக்கு வண்டி உரிமையாளர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. அதற்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் வீடு தேடி வந்தார். “பெரிய பிக்கப்புல மைலேஜ் கூட்டுறது எப்படின்னு எழுதுங்க பாய். இப்ப விக்கிற டீசல் வெலைக்கு எல்லாரும் படிப்பாங்க” என்றார்.

கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டார். இந்தப் பக்கத்தில் என்னைவிட அதிக வண்டி வைத்திருப்பவர்கள் உண்டு. என்னைவிட டீசலுக்கு மரியாதை கொடுத்தவர் யாரும் இல்லை. நான் நாலாவதோடு படிப்பை விட்டவன். அய்யம்பேட்டைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கினேன். அப்புறம் மூன்று சக்கர மிதிவண்டியில் வாழைத்தார் ஏற்றி மிதித்தேன். இன்றைக்குத் தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற சாலையில் பக்கீர் முகம்மது என்று பெயர் போட்ட பிக்கப் ஒன்றாவது எதிரே வராமல் நீங்கள் ஊர் போய்ச் சேர முடியாது. எவரும் கைதூக்கி விடவில்லை. நானாக எழுந்தேன். கிழவன் பெருமையடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இது நான் சம்பாதித்த பெருமை, இரவல் வாங்கியது இல்லை.

ஆனால் மைலேஜ் என்று எழுத உட்கார்ந்ததும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. குழந்தைராஜ் ஞாபகம்தான் வந்தது. அவனைப் பற்றியே எழுதிவிடுகிறேன். மைலேஜும் அதற்குள்ளேயே இருக்கிறது.

குழந்தைராஜுக்குத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு சிற்றூர். வேதக்காரக் குடும்பம். நடவு சமயத்தில் ஊரார் வயலில் டிராக்டரில் சேறடிப்பதுதான் அவன் தொழில். அவர்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவில் சப்பரத்தைத் தோளில் தூக்குவதில்லை, டிராக்டரில் கோத்த டிரெய்லரில் வைத்து இழுப்பார்கள். ஒரு வருஷம் தோரணத்துக்கு வாழைமரம் இறக்க நான் போயிருந்தேன். தெரு முழுக்கக் குண்டும் குழியும். சப்பரத்தில் வரிசையாக மெழுகுவத்தி எரிகிறது. டிராக்டர் நகர்கிறது, சப்பரமும் நகர்கிறது, சுடர் ஒன்றுகூடச் சாயவில்லை. ஊரே மாதாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் டிராக்டர்காரனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பில்லாத கால். பெடலின் மேல் அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

சப்பரம் நிலைக்கு வந்ததும் அவனைக் கூப்பிட்டேன்.

“எங்கிட்ட வண்டி ஓட்டுறியாப்பா?”

“எனக்கு டிராக்டர்தான் தெரியும் பாய்.”

“மத்தத நான் பாத்துக்கறேன். லைசன்சு எடுத்துக் குடுக்கறேன். இந்தக் கால எங்கயும் தொலைச்சுடாம கொண்டா.”

சிரித்தான். மறு வாரம் வந்து சேர்ந்தான். அப்போது அவனுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. விண்ணரசியைக் கட்டியதும், பெண்ணைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்ததும் எல்லாம் என் வண்டி சீட்டில் உட்கார்ந்துதான். ஆளைக் கண்டுபிடிப்பதில் என் கண் தப்பியதே இல்லை.

எங்கள் நீளப் பிக்கப் பாரத்தோடு லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல வண்டி. பதினொன்று கொடுத்தால் நல்ல டிரைவர். குழந்தைராஜ் பதிமூன்று எடுத்தான். டேங்கைக் கழுத்து வரை நிரப்பி அனுப்பி, திரும்பி வந்ததும் மறுபடி கழுத்து வரை நிரப்பி, நானே பக்கத்தில் நின்று பார்த்த கணக்கு இது. பங்க்கில் டீசல் அடிக்கிற பையன்கள்கூட நம்பவில்லை.

அவன் ஓட்டியது வேதாரண்யம் லைன். போகும்போது திருவையாற்று வாழைத்தார், வரும்போது உப்பு மூட்டை. ஆனி ஆடியில் நம் பக்கம் மேல்காற்று அடிக்கிற அடி உங்களுக்குத் தெரியும். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்கு வருவது என்றால் அந்தக் காற்றின் முகத்திலேயே ஏறி வர வேண்டும். மலையே இல்லாத சீமையில் வண்டி ஏன் மலை ஏறுகிற மாதிரி குடிக்கிறது என்று முதலாளிமார் மெக்கானிக்கைத் திட்டுவார்கள். குழந்தைராஜ் காற்றைத் திட்டமாட்டான். வெயில் ஏறிக் காற்று எழும்புவதற்குள் மன்னார்குடியைத் தாண்டிவிடுவான். பாடிக்கு மேல் நின்ற கம்பிக் கூண்டை, வந்த புதிதிலேயே கழற்றி ஷெட்டில் சாத்திவிட்டான். “காத்துக்கு எதிர செவுத்தத் தூக்கிக்கிட்டு ஏன் பாய் போவணும்” என்றான். தார்ப்பாயை மூட்டையோடு மூட்டையாக ஒட்ட இழுத்துக் கட்டுவான். வழியில் அது படபடத்தால் நிறுத்தி இறங்கி மறுபடி கட்டிவிட்டுத்தான் ஏறுவான்.

தூரத்தில் மாடு தெரிந்தால், வேகத்தடை தெரிந்தால், அங்கேயே காலை எடுத்துவிடுவான். வண்டி தானாக அடங்கிப் போய்ச் சேரும். பிரேக்கை மிதிப்பது ஊற்றிய டீசலைச் சாலையில் கொட்டுவதற்குச் சமம் என்பது அவன் கட்சி. பாலத்து இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்களைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான். கியரில் விட்டுக் காலை எடுத்தால் இந்தக் காலத்து இன்ஜின் டீசலே கேட்காது, நியூட்ரலில் கேட்கும். ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைத்துவிடுவான். டயரைக் காலையில், சூடு ஏறும் முன்னால் பார்ப்பான். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கால். செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் வைப்பான், ஸ்டீரிங்கைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வான், அப்புறம்தான் சாவி. “நடுவுல செருப்பு இருந்தா வண்டி சொல்றது காலுக்குக் கேக்காது பாய்” என்பான்.

கலந்தர் என்று இன்னொரு டிரைவர் என்னிடம் உண்டு. வாய்க்காரன். குழந்தைராஜ் ஷெட்டுக்குள் வண்டியைக் கொண்டுவரும்போதெல்லாம் சீண்டுவான்.

“ஏன் குழந்த, வண்டி ஓட்டுறியா, தாலாட்டுப் பாடுறியா?”

“தூங்குற வண்டி கம்மியாத்தான் குடிக்கும் கலந்தர். உன் வண்டி ஏன் எப்பவும் அழுவுது?”

இந்தக் கலந்தர் ஒரு முறை டீசல் திருடி என்னிடம் பிடிபட்டவன். டேங்குக்குள் டியூபை விட்டு கேனில் இறக்கிக்கொண்டிருந்தான். பொழுது சாயும் வரை அவனை ஷெட் வாசலில் நிற்க வைத்து, அவன் மாமியார் காது வரை எட்டும்படி திட்டினேன். மறுநாள் சாவியை அவன் கையிலேயே கொடுத்தேன். திருட்டுப் புத்தியைத் திட்டித் திருத்த முடியும் என்று நம்புகிறவன் நான். திருந்தினான்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் இரங்கியதே இல்லை. முன்பு ஒரு டிரைவர் வலிப்பு நோயை மறைத்து என்னிடம் வேலைக்கு இருந்தான். புதாற்றுக் கரையில் வண்டியோடு இழுத்துக்கொண்டது. புல்லுக்கட்டோடு வந்துகொண்டிருந்த ஒரு பெண் அடியில் போனாள். அவள் அடக்கத்துக்குப் போய் வந்த அன்றைக்கு ஷெட்டில் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னேன். கண்ணோ காலோ கையோ விளங்காதவனுக்கு நான் ஸ்டீரிங் கொடுக்க மாட்டேன், என் மகனாக இருந்தாலும் சரி. அதைக் குழந்தைராஜும் அங்கே நின்று கேட்டான்.

போன வருஷம் தை கழிந்ததும் அவன் வண்டியின் மைலேஜ் இறங்க ஆரம்பித்தது. பதிமூன்று பன்னிரண்டாயிற்று. சித்திரையில் பதினொன்று. வைகாசி முடிவதற்குள் ஒன்பதுக்கு வந்துவிட்டது. கலந்தர் வண்டியே பத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம்.

வண்டியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். என் மெக்கானிக் கிளாட்சன் தரங்கம்பாடிப் பக்கத்துக்காரன், கையில் வேலை உள்ளவன். பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, “உப்புத் தண்ணி எறங்கி டிரம்மெல்லாம் துரு பாய். பிரேக் புடிச்சிக்கிட்டே ஓடியிருக்கு” என்றான். சந்தோஷமாக இருந்தது. சுரண்டிக் கழுவி கிரீஸ் வைத்து அனுப்பினோம். ஒன்பதுதான் வந்தது. ஏர் ஃபில்டரை மாற்றினோம். நாசிலைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினோம். டயரை மாற்றினோம். ஒன்பதுதான். கடைசியில் கிளாட்சனே பாரம் ஏற்றி வேதாரண்யம் போய்வந்தான்.

“பதினொண்ணு குடுக்குது பாய். வண்டியில ஒரு கொறையும் இல்ல.” இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் மகன் மீரா உசேன்தான் இப்போது ஆபீசைப் பார்க்கிறான். நான் படிக்காததற்கும் சேர்த்துப் படித்தவன்.

“அத்தா, வண்டி நல்லா இருக்கு. அப்ப டீசல் எங்க போவுது? நீங்களே சொல்லுங்க.”

“அவன் அப்படிப்பட்டவன் இல்ல.”

“கலந்தரப் பத்தியும் இதான் சொன்னீங்க.”

டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டான். மைலேஜ் ஏறவில்லை. ஷெட்டில் பேச்சு கிளம்பிவிட்டது. குழந்தைராஜ் உள்ளே வந்தால் மற்ற டிரைவர்கள் பேச்சை மாற்றினார்கள். அவனும் யாரோடும் டீ குடிக்க நிற்பதில்லை. அந்த வருஷம் ஊர்த் திருவிழாவில், வழக்கமாக ஓட்டுகிற சப்பர டிராக்டரில் அவன் ஏறவில்லை என்றும், முட்டி வலி என்று வேறு ஆளை ஏற்றினான் என்றும் விண்ணரசி என் மனைவி மெஹராஜ் பேகத்திடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறாள். என் காதுக்கும் வந்தது. டீசல் கவலையில் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஆனி பிறந்ததும் மீரா உசேன் அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டான். நானும் இருந்தேன்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. வண்டி மேல குத்தம் இல்லன்னு கிளாட்சன் சொல்றாரு. நீங்களே ஒரு காரணம் சொல்லுங்க, கேட்டுக்கறோம்.”

குழந்தைராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் தலை தூக்கி மகனை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னான்.

“நான்தான் பாய் எடுத்தேன். ஃபில்டருக்கு வர்ற பைப்பக் கழட்டி கேன்ல புடிச்சேன். கலந்தர மன்னிச்சாப்புல என்னையும் மன்னிச்சிடுங்க. எவ்வளவு வேணாலும் திட்டுங்க. வண்டிய மட்டும் புடுங்கிடாதீங்க.”

மீரா உசேன் பெருமூச்சு விட்டான். நான் எத்தனையோ திருடர்களைப் பிடித்தவன். பிடிபட்டவன் முகத்தில் முதலில் பயம் வரும், பின்னால் வெட்கம் வரும். இவன் முகத்தில் அது இரண்டும் இல்லை. கரை ஏறினவன் முகம் மாதிரி இருந்தது.

வெளியே வந்து கலந்தரிடம் கேட்டேன். இந்த விஷயத்தில் அவனைவிடத் தெரிந்தவன் யார்?

கேட்டதும் கலந்தர் சிரித்தான். “பாய், அந்தப் பைப்பக் கழட்டுனா ஏர் புடிச்சி வண்டி அங்கயே படுத்துடும். ஏர் எடுத்து ஸ்டார்ட் பண்றதுக்குள்ள விடிஞ்சிடும். குழந்தைக்குத் திருடவும் தெரியல, திருடுனேன்னு பொய் சொல்லவும் தெரியல.” சொன்னவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். “பொய் எதுக்கு பாய் சொல்றான்?”

அது எனக்கும் தெரியவில்லை. அடுத்த லோடுக்கு நானும் வருகிறேன் என்று குழந்தைராஜிடம் சொன்னேன்.

“எதுக்கு பாய்? இடுப்பு வலியோட உங்களால அவ்வளவு தூரம் குந்த முடியாது.”

“என் வண்டியில நான் குந்தறதுக்கு என் இடுப்பு உங்கிட்டயா சொல்லிச்சு? ஏறு.”

இன்ஜின் சத்தத்தை வைத்து எத்தனையாவது கியர், எவ்வளவு பாரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தஞ்சாவூரைத் தாண்டும் முன்பே தெரிந்துவிட்டது. இது குழந்தைராஜ் ஓட்டுகிற சத்தம் இல்லை. இன்ஜின் அலறியது, அடங்கியது, மறுபடி அலறியது. மன்னார்குடிக்கு இந்தப் பக்கம் ஒரு வேகத்தடையில் என் தலை கூரையில் இடித்தது.

“ரோடு மோசம் பாய், மன்னிச்சுக்குங்க.”

ரோடு புதிதாகப் போட்டது. அவனைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவை பிரேக்குக்குப் போகும்போதும் அவன் கண் ஒரு கணம் கீழே போனது. தன் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வைத்தான். அந்தக் கணத்தில் எதிரே யார் வந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது. மேலே யோசிக்கப் பயந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேதாரண்யத்தில் வாழைத்தாரை இறக்கிவிட்டு உப்பளத்துக்குப் போனோம். மூட்டை ஏறியது. உப்பு கொட்டிக் கிடக்கிற தரையில், கசிந்து நிற்கிற உப்புத் தண்ணீரில், குழந்தைராஜ் வெறுங்காலோடு வண்டியைச் சுற்றிச் சுற்றிக் கயிற்றை இழுத்துக் கட்டினான். மூட்டை தூக்குகிற அம்சம் என்ற பெண்தான் முதலில் பார்த்தாள்.

“யோவ் அண்ணே, கால்ல என்ன? ரத்தமால்ல இருக்கு.”

வெள்ளைத் தரையில் வண்டியைச் சுற்றி அவன் நடந்த இடமெல்லாம் சிவப்பாக இருந்தது. வலது கால் தடம் மட்டும். நான் போய் அவன் தோளைப் பிடித்து ஒரு மூட்டை மேல் உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். கட்டை விரலுக்குக் கீழே பாதம் வெந்து, கொப்புளம் உடைந்து, உள்சதை வரை கிழிந்திருந்தது. இன்ஜின் சூடு ஏறுகிற தகட்டில் நாள் முழுக்க வைத்த கால். காயத்துக்குள்ளே உப்புக் கல் பதிந்திருந்தது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சின்னக் கீறலில் உப்புப் பட்டால் என்ன பாடு என்று தெரியும். சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். குழந்தைராஜ் முகம் சுளிக்கவில்லை. யாரோ ஒருத்தர் காலைப் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்தான்.

“வலிக்கலயாண்ணே?” என்று அம்சம் கேட்டாள்.

அவன் என்னிடம் மெதுவாக, “இங்க வேணாம் பாய். வண்டிக்குப் போயிடலாம்” என்றான்.

அவள் கொண்டுவந்த நல்ல தண்ணீரில் காலைக் கழுவி என் துண்டைக் கிழித்துக் கட்டினேன். அவனைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துவிட்டு நான் ஸ்டீரிங்கில் உட்கார்ந்தேன். அத்தனை வருஷத்தில் அவன் அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

“எப்பலேர்ந்து?”

“போன மழைக்கு முன்னலேர்ந்து பாய். சுண்டு வெரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. அப்பறம் பாதம் பூரா ஊறுச்சு. அப்பறம் எறும்பும் போயிடுச்சு.”

“டாக்டரு?”

“சக்கர வியாதின்னாரு. ரொம்ப நாளா இருந்திருக்குமாம். வண்டி ஓட்டக் கூடாதுன்னாரு. அப்பறம் அவருகிட்ட போவல.”

“விண்ணரசிக்குத் தெரியுமா?”

“மாத்திர தின்றது தெரியும். காலு தெரியாது.”

“அப்ப டீசலத் திருடுனேன்னு ஏன்டா சொன்ன?”

“திருடுனவனுக்கு நீங்க சாவி குடுத்திருக்கீங்க பாய். கால் வெளங்காதவனுக்குக் குடுத்ததே இல்ல.”

திருத்துறைப்பூண்டி வந்தபோது காற்று எழுந்துவிட்டது. வண்டியை முன்னால் விடாமல் தள்ளியது. என் வயதுக்கு அந்த வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தேன் என்றால் அது சாதாரண காரியம் இல்லை, ஆனால் அன்றைக்கு அதில் எனக்கு ஒரு பெருமையும் தோன்றவில்லை. மன்னார்குடி நெருங்கும்போது அவன் ஆரம்பித்தான்.

“பாய், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் திருடுனதாவே இருக்கட்டும். திருட்டுப் பயன்னு சொல்லி வெளிய அனுப்பிடுங்க. காலப் பத்தி யாருகிட்டயும் சொல்லாதீங்க.”

“அதுல உனக்கு என்னடா லாபம்?”

“திருடன்னா நாலு பேரு யோசிப்பான், அஞ்சாவது ஆளு டேங்குக்குப் பூட்டப் போட்டு வண்டி குடுத்துடுவான். கும்பகோணத்துல, பட்டுக்கோட்டையில எங்கயாச்சும். காலு செத்துப் போச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா எனக்கு எங்கயும் வண்டி கெடயாது.”

“எவ மேலயாவது வண்டிய ஏத்திட்டா என்ன பண்ணுவ?”

“ஏத்த மாட்டேன் பாய். காலப் பாத்துப் பாத்துத்தான வைக்கிறேன்.”

“கால நீ பாக்கறப்ப ரோட்ட யாரு பாக்குறது?”

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. சொல்வேன் என்றும் சொல்லவில்லை.

நேரே தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். உப்பு மூட்டையோடு பிக்கப்பை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தக் கூடாது என்றார்கள். நிறுத்தினேன். கட்டை விரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்தார்கள். பாதம் தப்பியது என்று விண்ணரசி அழுதுகொண்டே சந்தோஷப்பட்டாள். ஷெட்டில் என்ன வேலை வேண்டுமோ எடுத்துக்கொள், உட்கார்ந்து செய்கிற வேலை எதுவானாலும் உனக்குத்தான் என்று அவன் கட்டில் பக்கத்தில் நின்று சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். அது சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன்.

புண் ஆறி வீட்டுக்குப் போனான். ஷெட்டுக்கு வரவில்லை. தீபாவளி நெருங்குகிற சமயத்தில் கும்பகோணத்து வண்டி முதலாளி ஒருவர் எனக்குப் போன் செய்தார். சுவாமிமலையிலிருந்து விக்கிரகங்களைப் பெட்டி போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோகிறவர். பூப்போல ஓட்டுகிற ஆள் அவருக்கு வேண்டும்.

“பாய், குழந்தைராஜுன்னு உங்க ஆளு ஒருத்தன் வந்து நிக்கிறான். டீசல்ல கை வெச்சதால நிறுத்திட்டீங்கன்னு அவனே சொல்றான். அத நான் பாத்துக்குவேன். மத்தபடி ஆளு எப்படி?”

அவர் வாசலில் குழந்தைராஜ் ஷூ போட்டுக்கொண்டு நிற்பான் என்று எனக்குத் தெரியும். வண்டியில் செருப்புக்கூடப் போடாதவன், விரல் இல்லாததை மறைக்க ஷூ போட்டிருப்பான். புதாற்றுக் கரையில் கிடந்த புல்லுக்கட்டும் கண்ணுக்கு முன்னால் வந்தது.

“டீசல் கதை பொய்ங்க. ஒரு சொட்டு அவன் தொட்டதில்ல. அவனப் போல ஓட்டுனவன் இந்த ஜில்லாவுல பொறக்கல. ஆனா அவனுக்கு வலது கால்ல உணர்ச்சி இல்ல. வண்டிய மட்டும் குடுத்துடாதீங்க.”

“நல்லவேள சொன்னீங்க பாய்” என்று வைத்துவிட்டார். அடுத்து நடந்த சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து நின்று எல்லார் காதிலும் விழும்படி இதே வார்த்தையைச் சொன்னேன். குழந்தைராஜ் திருடன் இல்லை. குழந்தைராஜுக்கு வண்டி கொடுக்காதீர்கள். கூட்டத்தில் இருந்த எல்லாரும் தலையசைத்தார்கள். அன்றோடு அவன் மேல் இருந்த பழி போயிற்று. அன்றோடு அவனுக்கு வண்டியும் போயிற்று. சொன்னது சரியா என்று யாராவது கேட்டால் சரி என்றுதான் சொல்வேன். நாளைக்கு வேறொருவர் போன் செய்தாலும் அதையேதான் சொல்வேன்.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போனேன். கலந்தர் ஓட்டினான். குழந்தைராஜ் ஓட்டிய அதே பிக்கப். வாசலில் வண்டி நின்றதும் விண்ணரசி வெளியே வந்து, வாங்க பாய் என்றாள். உள்ளே குழந்தைராஜ் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தான். காலை ஒரு முக்காலியில் நீட்டியிருந்தான்.

“ராஜு, நான்தான் வந்திருக்கேன்.”

திரும்பவில்லை. ஷெட்டில் வேலை இருக்கிறது என்றேன். புது டிரைவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க அவனைவிட்டால் ஆளில்லை என்றேன். என் ஷெட்டில் நான் பேச ஆரம்பித்தால் எதிரே ஒருத்தன் வாய் திறக்கமாட்டான். இங்கே என் பேச்சு சுவரில் பட்டு விழுந்தது. விண்ணரசி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். அவள் வாசல் வரை வந்தாள்.

“பாய், நீங்க செஞ்சது நியாயந்தான். நான் அவர்கிட்டயே சொல்லிட்டேன். அந்தக் கால வெச்சுக்கிட்டு அவரு ஓட்டியிருந்தா நான் தெனமும் செத்திருப்பேன்.”

“அப்ப நீயாவது எடுத்துச் சொல்லும்மா.”

“சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல பாய். நீங்க இனிமே வராதீங்க. இந்த வண்டி சத்தம் அவருக்குத் தெரியும். தெருமொனையில திரும்பறப்பவே தெரிஞ்சுடும். போன வாட்டி இது இந்தப் பக்கமா லோடு கொண்டுபோச்சு. ரெண்டு நாள் அவரு சாப்புடல.”

நான் தலையை ஆட்டிவிட்டு வந்து வண்டிப் பக்கம் நின்றேன். கலந்தர் ஏறி உட்கார்ந்து சாவியில் கை வைத்தான்.

“ஸ்டார்ட் பண்ணாத” என்றேன்.

“அப்ப எப்படி பாய் போறது?”

“எறங்கித் தள்ளு.”

என்னைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான். மறுபேச்சுப் பேசாமல் இறங்கிப் பின்னால் போனான். நான் ஜன்னல் வழியாக ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு கதவில் தோளைக் கொடுத்தேன். காலி வண்டியும் கனமாகத்தான் இருந்தது. கப்பிக் கல்லில் டயர் நெரிபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. தெரு தாண்டி, வாய்க்கால் மதகு தாண்டி, பேருந்து ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம்.